டெட்டால் போட்ட பாட்டில்

மகளுக்கு மலப் பரிசோதனை செய்ய செம்பூர் லேபில் ஒரு டப்பியைக் கொடுத்தார்கள். துடைத்த தரையிலிருந்து டெட்டால் வாசனை எழுந்தது. அவ்வளவுதான், நான் சின்ன வயசுத் தாராவிக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. காய்ச்சலோடு, ரத்தமும் சளியுமாக வயிற்றால் போனது. பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததுமே வழிவிட்டார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாம், மலத்தை லேபில் கொடுங்கள் என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மலத்தை எடுத்தபின் மேலாகக் கொஞ்சம் டெட்டாலும் ஊற்றினாள். "நாத்தத்தோட கொண்டு போனா நம்மள என்ன நெனைப்பாவ?"

லேப்காரர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "கிருமியை நான் இங்கே வளர்த்துப் பார்க்கணும், பெஹன்ஜி. நீங்க வீட்டிலேயே கொன்னுட்டீங்களே!" என்று இந்தியில் சொல்லி, வேறு டப்பி கொடுத்தார்.

இரண்டாம் முறை சரியாக வந்தது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அம்மா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்: "எம் புள்ளைக்குக் கிருமி வளந்துட்டாம்!" நான் பரீட்சையில் பாஸானதுபோல் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மருந்தும் கேட்டது.

இன்று நான் டப்பியோடு வீடு திரும்புவதற்குள் அம்மா டெட்டால் பாட்டிலை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"ஒம் பொண்டாட்டி ரொம்ப சுத்தம் பாக்குறவல்லா," என்றாள், "எதுக்கு வம்பு?"