கெண்டைக்கால் கணவன்

போன மாதம் எங்கள் வீட்டுக் கதவை உடைக்கப் பார்த்தார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி!

"ஏலே, தொறலே கதவை! பொம்பளப் பிள்ளையப் போட்டு அடிக்கியா?"

நான் அடிக்கவில்லை சாமி. பிடித்துக்கொண்டிருந்தேன் — என் மனைவி ஜெசிந்தாவின் காலை!

ஜெசிந்தா ஸ்கூல் டீச்சர். டீச்சர்கள் த்ரோபால் டீமுக்குக் கேப்டன். தூத்துக்குடிப் பள்ளிகளுக்குள் நடக்கிற போட்டியில் முதன்முறையாக ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா குதிகால் வலி வரவேண்டும்? காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் அடிக்கே "மாதாவே!" என்று அலறுவாள். ஆட முடியாமல் போய்விடுமோ என்று அழுகை வேறு.

பிசியோதெரபிஸ்ட் பெண் அழுத்திப் பார்த்தார். "வலி குதிகால்ல தெரியுது மேடம். ஆனா கெண்டைக்கால்தான் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. தினமும் எண்ணெய் போட்டு, கணுக்கால்லருந்து மேல பார்த்து மெதுவா நீவி விடணும். உள்ளங்காலையும் கட்டைவிரலால அழுத்தணும். வலி கொறஞ்சா ஆடலாம். வீட்ல யாரு பிடிச்சு விடுவா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயையோ! அவுக எங்கால்ல கை வைக்கதா? யாரும் பாத்தா என்ன சொல்லுவாக?" என்று பதறினாள் ஜெசிந்தா.

எனக்கு மட்டும் கூச்சம் இல்லையா? ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ் போட்டு, டிவியை அலறவிட்ட பிறகுதான் தேங்காய் எண்ணெய் பாட்டிலையே திறந்தேன். மெதுவாக என்று சொன்னதை மறந்து கொஞ்சம் வேகமாக அழுத்திவிட்டேன்...

"அம்மா! விடுங்க! செத்தேன்!"

டிவியையும் தாண்டிப் போய்விட்டது சத்தம். அதைக் கேட்டுத்தான் அண்ணாச்சி ஓடிவந்தார்.

கதவைத் திறந்ததும் சட்டையைப் பிடித்தார். என்ன சொல்வது? ஒரு நொடி... அடித்ததாகவே நினைத்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது பாருங்கள்! அட, வெட்கங்கெட்ட வெட்கமே! பெண்டாட்டியை அடிக்கிறவன் நம் நாட்டில் நடுத்தெருவில் நின்று அடிக்கிறான். காலைப் பிடிக்கிறவன் கதவைச் சாத்துகிறான்!

ஜெசிந்தாதான் நொண்டிக்கொண்டே வந்தாள். "அண்ணாச்சி, அவுக அடிக்கல. கால் பிடிச்சு விடுதாக!"

அண்ணாச்சி சட்டையை விட்டார். பின்னால் நின்ற அவர் வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன கூச்சம்? தினமும் நீவினேன். நாளாக ஆக, முதல் அடிக்கு மாதாவைக் கூப்பிடுவது நின்றது.

போன ஞாயிறு ஃபைனல். கடைசி செட்டுக்கு முன்னால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டாள். ஊரே பார்க்கிறது... பார்த்தால் பார்க்கட்டும்! மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் காலை மடியில் வாங்கி நீவினேன். எழுந்தாள். ஆடினாள். கடைசிப் பாயிண்டை அவளே எடுத்தாள்! நான் போட்ட கூச்சல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்!

தெருவே கைகொடுக்கிறது. அண்ணாச்சி மட்டும் என்னோடு பேசுவதில்லை... அவர் வீட்டு அக்காவுக்கும் குதிகால் வலி வந்துவிட்டதாம்!