பால்வாடிச் சுவரில் அப்பா போட்ட கோடு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆனியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதும் பொறுப்பை, படித்தவள் என்று சொல்லி, வீட்டில் என்னிடம் கொடுத்தார்கள். முதலில் எழுதியதைச் சித்தப்பாவிடம் காட்டினேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா இதை வாங்கிப் படிக்கிறவுக எல்லாம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றவுக. கோவத்தைக் கொஞ்சம் கொறச்சுக்க, புள்ள" என்றார். சரிதான் என்று தோன்றியதால் வேறொன்று எழுதிப் பார்த்தேன். அதில் யாரோ ஒரு நல்ல மனிதர் இருந்தார், அப்பா இல்லை. ஆகவே முதலில் எழுதியதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது தவறென்றால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே வரிசையில் கட்டிய பத்து அறைகளில் ஓர் அறைதான் அவர்கள் வீடு. தாயகம் திரும்பும் குடும்பங்களோடு சேர்த்துக் கப்பலேற்றப்பட்டபோது அவருக்கு மீசை அரும்பியிருந்ததாம். இங்கே வந்து தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தார். பிறகு கொடைக்கானலைத் தாண்டிப் போளூரில் உருளைக்கிழங்குக் காட்டில் கூலிக்கு நின்றார். அந்தக் குளிரில்தான் நெஞ்சுச்சளி அவரைப் பிடித்தது; கடைசிவரை விடவில்லை. அம்மாவைத் திருமணம் செய்த பிறகு மலையை விட்டு இறங்கிக் கல்லாற்றுப்பட்டியில், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் குடியிருக்கும் சிலோன் காலனிக்கு வந்தார்.

எங்கள் ஊரைப் பார்க்காத உறவினர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அய்யம்பாளையத்திலிருந்து கன்னிவாடிக்குப் போகும் பக்கத்தில், பழனி மலையின் காலடியில் இருக்கிறது ஊர். மலையிலிருந்து இறங்கும் கல்லாறு கரடு என்று நாங்கள் சொல்லும் ஒரு பாறைக்குன்றில் முட்டி, வடக்கே திரும்பி, ஊருக்கு வெளியே ஓடுகிறது. ஆனால் அது முன்பு அப்படி ஓடவில்லை. கரட்டுக்குத் தெற்கே, இன்றைய ஊரை ஒட்டித்தான் ஓடியது. எப்போதோ வந்த பெருவெள்ளம் பாறையையும் மணலையும் கொண்டுவந்து அந்த வழியை அடைத்துவிட, ஆறு வடக்கே போய்விட்டது. விட்டுப்போன வழி ஒரு நீளப் பள்ளமாகக் கிடக்கிறது. அந்த இடத்துக்கு இன்றும் பழைய துறை என்று பெயர். துறையை ஒட்டிய தெரு துறைக்காரத் தெரு. அங்கே ஆறும் இல்லை, துறையும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

பெயர் மட்டுமல்ல, ஒரு வழக்கமும் இருந்தது. சித்திரையில் பெருமாள் ஆற்றில் இறங்கும் நாளன்று, சாமியை இன்றைய ஆற்றுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். காய்ந்து கிடக்கும் பழைய துறைக்குத்தான் பல்லக்கு போகும். இருபத்தொரு குடம் ஆற்றுத் தண்ணீரை அங்கே சுமந்து வந்து மண்ணில் ஊற்றுவார்கள். அந்த ஈரத்தில்தான் சாமி இறங்கும். குடம் சுமப்பது பெரிய மரியாதையாக இருந்திருந்தால் எங்கள் காலனிக்காரர்களுக்குக் கிடைத்திருக்காது. சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் சுமக்க ஆளில்லை என்றுதான் சிலோன் காலனிக்கு விட்டார்கள். அப்பா ஊருக்கு வந்த முதல் வருடத்திலிருந்து ஒரு குடம் அவருடையது.

அவர் செய்த வேலை, கரட்டுக்கு மேலே உள்ள தடுப்பணையில் மதகு திறந்து மூடுவது. நிரந்தர வேலை இல்லை. வெள்ளனே எழுந்து போய், அளவுக்கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் டீ குடிப்பார். மேலே மேகம் எந்த மலையில் உட்கார்ந்தால் எத்தனை நாழிகையில் தண்ணீர் இங்கே வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் தம்பட்டம் அடித்துச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஊருக்குப் புதிய பால்வாடி கட்ட இடம் பார்த்தபோது பழைய துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். புறம்போக்கு நிலம், சாலையோரம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அஸ்திவாரம் தோண்டியபோது கூடை கூடையாக வழுவழுத்த கூழாங்கல் வந்தது. அதைப் பார்த்த பிறகாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அழகாக இருக்கிறது என்று அந்தக் கல்லையே வாசலில் பதித்தார்கள்.

அப்பா கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினார். அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. கரட்டுக்கிட்டே மணல் ஆள் உயரத்துக்கு ஏறிக் கிடக்கிறது, இன்னொரு பெரிய தண்ணீர் வந்தால் வடக்கே திரும்பாமல் பழைய வழியில்தான் இறங்கும், குழந்தைகளை அங்கே உட்கார வைக்காதீர்கள் என்றார். வார்டு உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"சிலோன்ல இருந்து வந்தவருக்கு நம்ம ஆத்தப் பத்தி என்னங்க தெரியும்? எங்க பாட்டன் பூட்டன் குளிச்ச ஆறுய்யா இது."

அப்பா கோபப்படவில்லை. "எந்த எடத்துல குளிச்சாகன்னு அவுகளையே கேட்டுப் பாருங்க. அந்த எடத்துலதான் இப்பக் கட்டடம் கட்டுறீங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. சிரித்ததோடு சரி. அந்த வருடச் சித்திரையில், பல்லக்கைப் பால்வாடி வேலை நடக்கும் இடத்துக்குள் கொண்டுபோக முடியாது என்று, சாமியை நேரே இன்றைய ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் தண்ணீர் ஓடுகிறதே, எதற்குக் குடம் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். பார்க்கப்போனால் நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு இங்கே ஓடியது என்பதை வருடம் ஒருமுறை ஊரே கூடி நினைவில் வைத்துக்கொள்ள இருந்த ஒரே ஏற்பாடு அதுதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அப்பா மட்டும் தன் குடத்தை எடுத்துவந்து பால்வாடி வாசலில் ஊற்றினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். "பெருமாளுக்குப் பதிலா பால்வாடிக்கு அபிஷேகம் பண்றாருப்பா, அடுத்து பொங்கல் வப்பாரு" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்காக அல்ல, எனக்காக.

ஜூன் மாதம் பால்வாடி திறந்தது. என் மகள் திவ்யாவை அங்கே சேர்த்தேன். எனக்குத் தையல் கடையில் வேலை, எல்லோரும் சேர்த்தார்கள், நானும் சேர்த்தேன். இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் சமாதானம் வரவில்லை. அப்பா தடுக்கவில்லை. "மேல மழைன்னு தெரிஞ்சா அனுப்பாத, பாப்பா. நான் வந்து சொல்லுறேன்" என்று மட்டும் சொன்னார். மேகம் கறுத்த நாட்களில் தடுப்பணையிலிருந்து சைக்கிளில் வந்து, வேலிக்கு வெளியே நின்று பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவார்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருட ஐப்பசியில் தண்ணீர் வந்தது. தீபாவளி விடுமுறை. ஊரில் நல்ல வெயில். மலையில்தான் மூன்று நாளாக மழை. காலை பத்து மணிக்கு, அப்பா சொன்ன அதே வழியில், கரட்டுக்குத் தெற்கே மணலை உடைத்துக்கொண்டு ஆறு இறங்கியது. பால்வாடிக்குள் புகுந்து மறு சுவர் வழியாக வெளியேறியது. மதியத்துக்குள் வடிந்துவிட்டது. உள்ளே சேறும் ஒரு செத்த ஆட்டுக்குட்டியும் கிடந்தன. சுவரில் அப்பாவின் மார்பு உயரத்துக்கு ஈரக்கறை.

சாதாரண நாளாக இருந்திருந்தால் அந்த நேரம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருப்பார்கள். பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஆயா தண்ணீர் பிடிக்கப் போவது வழக்கம். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நினைக்காமல் நான் ஒரு நாளும் உறங்கியதில்லை.

ஊர் என்ன செய்தது? கழுவிவிட்டு வெள்ளையடித்தது. பொங்கல் கழிந்து மறுபடி திறந்தார்கள். இயற்கையின் சீற்றம், யாரும் எதிர்பார்க்காதது என்று மைக்கில் பேசினார்கள். எதிர்பார்த்தவர் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. கடவுள்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்றார்கள். அடுத்த முறையும் தண்ணீர் தீபாவளி பார்த்துத்தான் வருமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திவ்யாவை மட்டும் நிறுத்திக்கொண்டு என்னோடு தையல் கடைக்குக் கூட்டிப்போனேன். மற்றப் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்பா கேட்டார், தன் வழியில். கறை இருந்த உயரத்தைத் தன் கைத்தடியில் முன்பே வெட்டி வைத்திருந்தார். செங்காவியைக் குழைத்து, அந்த உயரத்தில் பால்வாடிச் சுவர் முழுக்க நேராக ஒரு கோடு போட்டார். அளவுக்கல்லில் போடுகிற கோடு மாதிரி. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதன் மேல் வெள்ளையடித்தார்கள். மறுபடி போட்டார். மறுபடி அடித்தார்கள். பிறகு அரசுக் கட்டடத்தை அசிங்கப்படுத்துவதாக மனு கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, இனி அந்தச் சுவரில் கோடு போட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். என் வீட்டுக்காரருக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம். "பேரனும் பேத்தியும் எடுத்த வயசுல ஸ்டேஷனுக்கு நடக்கணுமாப்பா? சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். அப்பா முழுவதும் வாசித்தார். கையெழுத்துப் போட்டார்.

"உன் எழுத்து நல்லாருக்கு, பாப்பா. அடித்தல் திருத்தல் ஒண்ணு இல்ல" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகு கோடு போடவே இல்லை. ஆனால் அடுத்த சித்திரையில் குடத்தை எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அம்மா வழிமறித்தார். "குடத்தைப் பத்தி ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே" என்று சிரித்துக்கொண்டே போய், பால்வாடி வாசலில், பதித்த கூழாங்கல்லின் மேல் ஊற்றிவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் தடுப்பணைக்குப் போகவில்லை. நெஞ்சுச்சளி முற்றி, திண்டுக்கல்லில் பத்து நாள் படுத்திருந்து, வீட்டுக்கு வந்து, ஆனியில் ஒரு காலையில் அம்மா காய்ச்சிய கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு அமைதியானார். அந்தக் குடம் அவரை இன்னும் சில மாதம் இருக்கவிடாமல் செய்ததோ என்று நினைப்பேன். அந்தக் கடிதம்தான் செய்தது என்றும் நினைப்பேன்.

இறுதிச் சடங்குக்கு ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் மாலையோடு வந்தார்கள். ஊரின் மீது அக்கறை கொண்டவர் என்று பேசினார்கள். அவர்களுக்கு நன்றி. அந்த அக்கறையை அவர் உயிரோடு இருக்கும்போது காது கொடுத்துக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சென்ற மாதம் ஒரு மதியம், அப்பாவின் கைத்தடியையும் செங்காவியையும் எடுத்துக்கொண்டு திவ்யாவோடு பால்வாடிக்குப் போனேன். எழுதிக் கொடுத்தது அப்பா. நான் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தடியில் வெட்டியிருந்த இடத்துக்கு நேராகக் கோடு போட்டேன். அப்பாவின் கோடு போல நேராக வரவில்லை. போட்டு முடித்ததும் திவ்யா தானாகப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். வீட்டில் கதவு நிலையில் அவள் உயரத்தைக் குறிப்போம், அந்தப் பழக்கம். இரண்டு வருடத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறாள்.

"அம்மா, நான் தொட்டுட்டேனா?" என்று கேட்டாள்.

தொடவில்லை. கோடு அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், பத்து நாளும் சோறு கொண்டுவந்த காலனிப் பெண்களுக்கும், தூக்கிச் சென்ற பிள்ளைகளுக்கும், அருகிலேயே இருந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வெள்ளையடிக்கும் முருகேசன் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பாவின் கோட்டை இருமுறையும் அழித்தவர் அவர்தான்; அது அவர் பிழைப்பு. என் கோட்டையும் அழிக்கச் சொல்லிச் சென்ற வாரம் அவரை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பளிச்சென்று அடித்திருந்தார், கோடு போகும் இடத்தில் மட்டும் கையகலம் விட்டுவிட்டு. சுண்ணாம்பு தீர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாராம். அவர் சைக்கிளில் தொங்கிய வாளியில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு இருந்தது.

ஆகவே கோடு இன்றைக்கு இருக்கிறது. நாளைக்கு இருக்குமா தெரியாது. நினைவு நாளுக்கு வரும் உறவினர்களையும் ஊராரையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சாப்பிட்டுக் கிளம்பும் முன் பழைய துறை வரை ஒரு நடை வாருங்கள். உங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளையைக் கையோடு கூட்டி வாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள்.