உள்ளே உட்கார்ந்து ஓட்டியவன்

கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடுகிறவனுக்கு எதற்கு நிஜம் என்று யாராவது கேட்டிருந்தால், அந்த வயதில் சண்டைக்கே போயிருப்பேன். தொண்ணூறுகளின் கடைசி. படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், மயிலாப்பூர் வீட்டில் கால் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்த காலம். சாயங்காலம் அந்த ரேஸில் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்குவேன்.

விளையாட்டில் இருந்த உதவிகள் அத்தனையையும் அணைத்து வைத்திருந்தேன். கியர் தானாக மாறக்கூடாது. டயர் தேய வேண்டும். சுவரில் இடித்தால் கார் அங்கேயே செத்துப்போக வேண்டும். முக்கியமாக, டிரைவர் சீட்டில் இருந்துதான் பார்க்க வேண்டும். காருக்குப் பின்னாலேயே பறந்து வருகிற கேமரா ஒன்றும் அதில் உண்டு. அந்தப் பொத்தானை நான் தொட்டதே இல்லை. எந்த டிரைவர் தன் காரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறான்?

என் நண்பன் இதற்கு நேர் எதிர். தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரன். மூன்றே மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டு, ராயப்பேட்டையில் அவன் மாமாவின் ஸ்டிக்கர் கடைக்குப் போய்விட்டான். வண்டிகளுக்குக் கோடு போடுவது, எழுத்து வெட்டி ஒட்டுவது அவன் வேலை. வகுப்பை விட்டானே தவிர எங்கள் வீட்டை விடவில்லை. வந்தால் ரேஸ் ஓட்ட மாட்டான். காருக்கு வர்ணம் அடிக்கும் பகுதி ஒன்று விளையாட்டில் இருந்தது. அதைத் திறந்து மௌஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு ரவுண்டாவது ஓட்டித் தொலையேன்டா."

"இரு நைனா, இந்தக் கோடு கோணலா கீது."

"அவ்ளோ வேகத்துல போறப்போ எவன்டா கோட்டைப் பாப்பான்?"

"ரோட்ல நிக்கிறவன் பாப்பான். உள்ள குந்திகினு கீறவனுக்காடா வண்டிக்கு பெயின்ட் அடிக்கிறாங்க?"

அவன் போனதும் அதே காரை எடுத்து நான் ஓட்டுவேன். வர்ணத்தை மாற்றக்கூட மெனக்கெட மாட்டேன்.

அந்தச் சமயத்தில் தி.நகரில் டிராவல்ஸ் வைத்திருந்த ஒருவர் புதிதாக வேன்கள் வாங்கினார். மேலே என்ன டிசைன் போடுவது என்று மாமாவிடம் கேட்காமல் இவனிடம் கேட்டார். வண்டி மேல் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டும், அப்படிக் காட்டினால் வேலை உனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். இவன் பெயருக்கு வந்த முதல் வேலை. கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. என் விளையாட்டுக் காரின் மேல் மூன்று வாரம் வரைந்தான். "திங்கக்கெழமை ஃப்ளாப்பி எத்துனு வரேன் மச்சி. ஸ்க்ரீனை அப்டியே புடிச்சிக் குடு, பிரிண்ட் போட்டுப் பார்ட்டிகிட்ட காட்டிர்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை ரிச்சி தெருவில் எனக்கு ஒரு சிடி கிடைத்தது. அதைப் போட்டால் அதே விளையாட்டு இன்னும் நிஜமாகிவிடுமாம். டயரின் சூடு வரைக்கும் கணக்கில் வருமாம். வீட்டுக்கு வந்து போட்டால், டிஸ்கில் இடமில்லை என்றது. எதை அழிப்பது என்று தேடினேன். வர்ணங்கள் இருந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. அவனுடையதும் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வேறெங்காவது ஒரு பிரதி வைத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வெறும் ஸ்டிக்கர்தானே என்ற இளக்காரம். அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன், அப்போதுதான் இடம் வரும்.

டயர் அற்புதமாகச் சூடானது. நான்காவது சுற்றில்தான் கவனித்தேன். கண்ணாடிக்கு முன்னால் தெரியும் பானட் வெள்ளையாக இருந்தது. அது மஞ்சளாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்த ஃப்ளாப்பிகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன், பிரதி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை மிதித்துக்கொண்டு அடையாறில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பல் துலக்கிக்கொண்டே கேட்டார். "அதும் மேலயே புதுசைப் போட்டுட்டீங்களே சார், இனிமே வராது" என்றார். திரும்பும்போது, நாமே வரைந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மூன்று வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தது. தினம் நான் ஓட்டிய கார்.

மௌஸைப் பிடித்து உட்கார்ந்தேன். பானட்டை மஞ்சளாக்கினேன். அதற்குப் பிறகு கை நகரவில்லை. பக்கவாட்டில் என்ன இருந்தது? அலையா, கோடா? பின்கதவில்? ஸ்டியரிங், மீட்டர் முள், பானட்டின் நுனி, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கார். எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"காபி ஆறிண்டிருக்கு. எதுக்குடா இப்படி உள்ளுக்கும் வாசலுக்கும் அலைஞ்சுண்டே இருக்கே?" என்றாள் அம்மா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஃப்ளாப்பி. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். உள்ளே வந்து திறந்து பார்த்தபிறகுதான் சிரிப்பு நின்றது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு காகிதமும் பேனாவும் கேட்டான்.

"சரி வுடு. கையாலயே போட்டுக்கறேன். கடைசியா கதவாண்ட கோட்டை மாத்தி மாத்திப் போட்டேன். எத்தினி கோட்டோட வுட்டேன், நாலா அஞ்சா? நீ தெனிக்கும் அந்த வண்டியத்தான ஓட்டினே, சொல்லு."

"தெரியலடா. நான் உள்ளேர்ந்துதான் பாப்பேன்."

"ஒரு வாட்டி கூடவா வெளிய வந்து பாக்கல?"

இல்லை என்று தலையாட்டினேன். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரம் ஆகியும் அவன் வரவில்லை. ராயப்பேட்டைக்கு நானே போனேன். ஒரு ஆட்டோவின் முதுகில் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை என்று சொல்லி டிராவல்ஸ்காரர் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாராம். ஒட்டின எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே சொன்னான், திரும்பிப் பார்க்கவில்லை. டீ சாப்பிடலாமா என்றேன். வேலை இருக்கிறது என்றான். அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளையாட்டைப் போட்டு, இதுவரை தொடாத அந்தப் பொத்தானை அழுத்தினேன். கேமரா காருக்கு வெளியே வந்தது. நான் அடித்திருந்த மஞ்சள் பானட்டில் மட்டும் இருந்தது. நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வெள்ளை.