மாப்பிள்ளை தலையில் பன்னிரண்டு ஆடு

நிச்சயதார்த்தத்தில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததில், பசுவந்தனை ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலைத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். மறுவாரமே அவர் பட்டாளத்துக்கு, காஷ்மீருக்குப் போய்விட்டார். கல்யாணம் தையில். தொண்ணூறுகளின் தொடக்கம், எங்கள் வீட்டில் போன் கிடையாது. அவர் கடிதமெல்லாம் என் அப்பா பெயருக்குத்தான் வரும், அப்பா அதை நடுவீட்டில் உரக்கப் படிப்பார். "மாமா அவர்களுக்கு, நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது." அதற்கு மேல் ஒரு எழுத்து இருக்காது. நான் எழுதினாலோ ஊர் சிரிக்கும். என்னைப் பிடித்துத்தான் சம்மதித்தாரா, பெரியவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினாரா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குளிர் என்று எழுதியிருந்தாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். கம்பளித் தொப்பி பின்னப் போகிறேன் என்றதும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்களே, அந்த வெயில். கரிசல் வெடித்துக் கிடந்தது. கோவில்பட்டி ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் நூல் கேட்டேன்.

"வாசல் தோரணத்துக்கா, தங்கச்சி?"

"தொப்பிக்கு, அண்ணாச்சி."

அவர் தெருவில் அடிக்கிற வெயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நூலை எடுத்துக் கொடுத்தார்.

பின்னல் எனக்குத் தையல் வகுப்பில் வந்தது. ஊசிக்குப் பழைய சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி. படம் போட ப்ளஸ் டூவில் மிஞ்சிய கிராஃப் தாள், ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. ரோஜா போட்டேன், முட்டைக்கோஸ் வந்தது. மயில் போட்டேன், அதன் கழுத்து ஏறி ஏறி உச்சந்தலையைத் தாண்டிப் போனது. கடைசியில் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிற எங்கள் ஆட்டையே போட்டேன். நீலத்தில் வெள்ளைச் செம்மறி, நெட்டைக் கால், தொங்குகிற காது, தலையைச் சுற்றிப் பன்னிரண்டு.

"ஏட்டி, மாப்பிள்ள தலையிலயா ஆட்ட ஏத்துத?" என்றாள் அம்மா.

"அவிய வீட்லயும் ஆடுதானம்மா மேய்க்காவ."

எங்கள் பக்கம் ஆடு வழிதப்பினால் உரியவர் வீட்டுக்கு வந்து சேர, வீட்டுக்கு வீடு ஒரு சாய அடையாளம் உண்டு. எங்களுடையது முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு. அதையும் ஒவ்வொரு ஆட்டுக்கும் மூன்று கண்ணியில் வைத்துவிட்டேன். இது எங்கள் வீட்டுத் தலை, தப்பி வந்தால் இங்கே ஓட்டிக்கொண்டு வரவும் என்று அர்த்தம். வைத்த பிறகு வெட்கம் தாங்காமல் தலையணையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஆசை அவசரத்தில் ஒரு கோளாறும் செய்தேன். வெள்ளையில் பின்னும்போது நீல நூல் சும்மா பின்பக்கமாக வரும். அதை இழுத்து இழுத்துப் பிடித்ததில் தொப்பி சுருங்கி, ஒரு தேங்காய்க்குத்தான் சரியாக இருந்தது. அத்தனையும் பிரித்து, நூலைத் தளரவிட்டு மறுபடி பின்னினேன். அளவு பார்க்க அப்பாவுக்கு உச்சி வெயிலில் மாட்டிவிட்டேன். மூக்கு நுனியில் வேர்வை சொட்ட, "நல்லாத்தான் இருக்கு. கழட்டிரட்டுமா?" என்றார் பாவம். பார்சலுக்குள் வைத்த தாளில், "வீட்டில் பின்னியது" என்று மட்டும் எழுதினார். என் பேரைச் சேருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு தடித்த கவர் வந்தது. அப்பா படித்தார். "மாமா அவர்களுக்கு, தொப்பி கிடைத்தது. கூட இருப்பவர்கள் நாய் என்றார்கள். செம்மறி என்று சண்டை போட்டேன். பொட்டைப் பார்த்தேன். யார் வீட்டு ஆடு என்று தெரிந்தது."

அப்பா நிறுத்தினார். "நம்ம அடையாளம் இவருக்கு எப்படித் தெரியும்? நிச்சயத்தன்னைக்கு நம்ம ஆட்டையா பாத்துக்கிட்டு இருந்தாரு?"

"மேல படிங்க" என்றாள் அம்மா. எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

"பின்னியவருக்குச் சிரமமில்லை என்றால் கைக்கும் உறை வேண்டும். அளவு வைத்திருக்கிறேன்."

உள்ளே இன்னொரு தாள். வலது கையை அதன்மேல் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்திருந்தார். அப்பா அதை என்னிடம் நீட்டி, "இந்தா, அளவாம்" என்றார்.

அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். தாளைத் தரையில் விரித்து, என் கையை அந்தக் கைமேல் வைத்தேன். அவர் விரல்கள் என் விரல்களைவிட ஒரு கணு நீளம்.

"ஏட்டி, அளவெடுத்தாச்சா?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா" என்றேன். கையை எடுக்கவில்லை.