வாய் பூட்டிய புத்தகம்

"கரூர், கரூர்... மூணாவது பிளாட்பாரம், ஏறுங்க, ஏறுங்க" என்று முடித்ததும் சண்முகவேல் கட்டைவிரலால் மைக்கை அணைப்பார். அணைத்த கையோடு இடது காதில் இயர்போன் ஏறும். வலது காது பேருந்துகளுக்கு. ஹாரனைக் கேட்டே எந்த ஊர் வண்டி, ஓட்டுநர் இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவார். பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருடமாக அறிவிப்பாளர். பிறவியிலேயே பார்வை கிடையாது.

இடது காதில் ஓடுவது துப்பறியும் நாவல். செயலியில் விலை கொடுத்து வாங்கிய மின்னூலைப் போனின் குரல் படித்துக் காட்டும், அதுவும் இரண்டரை மடங்கு வேகத்தில். தினமும் அங்கே பஸ் ஏறும் எனக்கு ஒருமுறை கேட்கக் கொடுத்தார். காதுக்குள் வண்டு புகுந்ததுபோல இருந்தது. "மெதுவாப் படிச்சா தூக்கம் வந்துருதுங்க" என்றார். சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். கொலை நடக்கும் இடத்தில் மட்டும் மெல்லுவதை நிறுத்துவார்.

போன தை மாதம், ஒரு நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் குரல் பாதி வாக்கியத்தோடு நின்றுபோனது. முந்தின நாள்தான் செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தது. திரும்பத் தொட்டால், 'பதிப்பாளரின் விருப்பப்படி இந்த நூலுக்கு வாசிப்புக் குரல் நிறுத்தப்பட்டுள்ளது' என்று அதே குரல் சொன்னது.

"கொலை நடந்துருச்சுங்க. போலீசும் ஊட்டுக்குள்ள வந்தாச்சு. அங்க வெச்சு வாயப் பூட்டிப்போட்டாங்க" என்று என்னிடம் பொருமினார்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண். "சார், நீங்க புத்தகத்த வாங்கல. அதை வாசிக்கிற உரிமையத்தான் வாங்கியிருக்கீங்க."

"அந்த வாசிக்கறதத்தான் சாமி நானும் கேக்கறேன்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுத்தப் பெருசு பண்ணிப் பாருங்க சார்" என்றாள்.

"எத்தன பெருசுங்க? இந்த பஸ் ஸ்டாண்டு அகலத்துக்கு வெச்சாலும் எனக்குத் தெரியாதுங்களே!"

இதைச் சொல்லும்போது அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை என்கிறார்கள். மோகனூர் வண்டியை முசிறி வண்டி என்று அறிவித்துவிட்டாராம். பதினெட்டு வருடத்தில் முதல் பிழை.

நிலையத்துக்குள் செல்போன் கடை வைத்திருக்கும் குணசீலன் உதவ வந்தார். "ரெண்டு நிமிசம் குடுங்கண்ணா. பூட்டு இல்லாத திருட்டுக் காப்பி ஒண்ணு ஏத்தித் தாரேன்."

"வாங்குன பொருள நான் எதுக்குப்பா திருடோணும்?" என்று போனை இழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைசியில் படிக்கும் பொறுப்பு மனைவி அன்புச்செல்விக்கு வந்தது. தையல் வேலை முடிந்த பிறகு, போன் திரையைப் பார்த்து நாளுக்கு இரண்டு பக்கம். அவருக்கு வர்ணனை ஆகாது. "மழை பேஞ்சுச்சுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. மழை பேஞ்சுச்சுங்க, அவ்வளவுதான்" என்று தாண்டிவிடுவார். ஆர்வம் தாங்காமல் கடைசிப் பக்கத்தையும் தனியாகப் படித்துவிட்டார். நான்காம் நாளே சண்முகவேல் கண்டுபிடித்தார்.

"அந்த டாக்டர் வாரப்பெல்லாம் உன்ற குரல் இறங்குது. அவன்தானே கொன்னது?"

அன்புச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாராம். "ஆருன்னு தெரிஞ்சா என்ன, எப்படி மாட்டறான்னு கேக்கோணுமில்ல? நீ படி" என்று இவர் சமாதானம் செய்தார்.

அதற்கிடையில் பதிப்பாளரோடு சண்டையும் நடந்தது. போனில் வாயால் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்து, நாவலை எழுதிய அம்மாவுக்கே கடிதம் அனுப்பினார். தன் புத்தகத்தின் வாயைப் பூட்டியிருப்பது அந்த அம்மாவுக்கே தெரியாது. அவர் பதிப்பாளரைப் பிடித்து உலுக்கியதும், 'உங்களுக்கு மட்டும் திறந்து தருகிறோம்' என்று பதில் வந்தது. சண்முகவேல் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னையாட்டம் இன்னும் எத்தன பேரு இருக்கறாங்களோ. தொறந்தா எல்லாருக்கும் தொறங்க" என்று எழுதினார். மூன்று வாரம் சத்தமே இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. அந்த நாவல் எல்லோருக்கும் திறக்கப்பட்டுவிட்டது. அதே பதிப்பாளரின் மற்ற நூல்கள் 'பரிசீலனையில்' இருக்கின்றனவாம். "அதையும் ஒரு கை பாத்துருவோம்" என்றார். புத்தகத்தைத் திறந்து தொட்டார். பூட்டிய இடத்திலிருந்து, மின்னல் வேகத்தில் குரல் கிளம்பியது. முகமெல்லாம் பல்.

அன்புச்செல்வி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அவர் படித்துவந்ததில் இன்னும் ஒரே அத்தியாயம்தான் பாக்கி. "அப்ப இனி நான் வேண்டாமுங்க. அதுவே படிச்சுரும்."

சண்முகவேல் குரலை நிறுத்தினார். போனை மனைவி பக்கம் நீட்டிவிட்டு, மேசையில் துழாவித் தண்ணீர்த் தம்ளரை எடுத்து, சிந்தாமல் அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.