மைக்செட் ஜெரோம் கேட்ட முடிவு

திருக்கழுக்குன்றத்தில் கல்யாணமோ, காதுகுத்தோ, மாதா கோயில் தேரோ, விடிவதற்கு முன்பே ஊரை எழுப்புவது ஜெரோம் மாமாவின் குழாய் ஸ்பீக்கர்தான். என் அப்பாவின் அக்கா மேரி அத்தையைக் கட்டியவர். தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கினால், விசேஷம் முடியும்வரை ஆம்ப்ளிஃபயரை விட்டு நகரமாட்டார். ஐம்பது வயதுக்குள் அந்தச் சத்தம் அவர் காதைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

அத்தை மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டும் வேலை பார்த்தாள். தொண்ணூற்று நான்கில் ஒரு வெள்ளைக்காரர் காலிசெய்த அறையில் அறுந்த செருப்பும் ஒரு கேசட்டும் கிடந்தன. செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டுக் கேசட்டைப் புருஷனிடம் கொடுத்தாள்.

அதில் இருந்தது ஒரே ஒரு சிம்பொனி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ எழுதியது. பித்தளைக் குழல்களும் முரசுகளுமாக ஒரு கூட்டமே சேர்ந்து வாசிக்கும். முடிவில் மட்டும் ஒவ்வொரு வாத்தியமாக அடங்கி, வயலின்கள் மிஞ்சி, அவையும் தேய்ந்துகொண்டே போகும்.

அந்த முடிவுதான் மாமாவுக்குப் பேஜாரு. கேசட்டின் ‘ஸ்ஸ்’ இரைச்சலில் வயலின் எங்கே நின்றது, வெறும் நாடா எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாது. வால்யூமை ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். ஆர்டர் இல்லாத மதியங்களில் மைக்செட் வைக்கும் ஷெட்டில் படுத்தபடி கேட்பார். சன்னமான இடத்தில் குமிழைத் திருகி ஏற்றுவார். முரசு வருவதற்கு முன்பே இறக்குவார், ஸ்பீக்கர் போய்விடுமே என்று. பத்து வருஷம் அப்படியே கேட்டார்.

பிறகு செங்கல்பட்டு டாக்டர், சன்னமான சத்தமெல்லாம் இனிமேல் குறைந்துகொண்டேதான் போகும், காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாமா மறுத்துவிட்டார்.

“மிஷினும் ஒரு மைக்குதான? ஆயுசுக்கும் மைக்குல கேட்டாச்சி,” என்றார் போனில். நான் அப்போது ஜெர்மனியில் இருந்தேன். “அது எங்க முடியுதுன்னு ஒரு வாட்டி நேரா கேட்டுட்டா போதும்டா. அதுக்குள்ள காது போயிடக் கூடாது.”

அடுத்த ஜனவரியில் நான் லீவில் வந்தபோது, அதே சிம்பொனியை வாசிக்க ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா சென்னைக்கு வந்தது. மூன்று டிக்கெட் வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பஸ் வராவிட்டால்? அவர் காது அதுவரை தாங்காவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கச்சேரி. லாட்ஜில் சீசன் கூட்டம், காலையிலேயே எல்லா அறைகளுக்கும் படுக்கை மாற்றிவிட்டு அத்தை நேராக வந்திருந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கடசீல சத்தம் நின்ன ஒடனே கைய அமுக்கு. என் காத நான் நம்பமாட்டேன்.”

“நான் சொல்றேன் மாமா,” என்றேன்.

“நீ வேணாம். பயத்துல முன்னாடியே அமுக்கிடுவ.” மேடையை அண்ணாந்து பார்த்தார். “ஸ்பீக்கரு எங்க கீது?”

“இல்ல மாமா. மைக்கே கிடையாது.”

“டபாய்க்காத. கடசி வரிசைக்கு எப்பிடிடா கேக்கும்?”

ஆரம்பித்தார்கள். குழல்கள் எழும்போதெல்லாம் மாமாவின் வலது கை தொடைமேல் இல்லாத குமிழைத் திருகி இறக்கியது. முரசு அடித்தபோது தரை அதிர்ந்து செருப்பு வழியாகக் காலில் ஏறியது. அவர் கை அப்படியே நின்றது.

“இவ்ளோ சத்தம், காது வலிக்கலடா!” என்று என்னிடம் கத்தினார். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

முடிவு வந்தது. ஒவ்வொன்றாக அடங்கி, வயலின்கள் மட்டும் மிஞ்சின. நான் அத்தையைப் பார்த்தேன். மாமாவின் தோளில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா கவனிக்கவில்லை. கண்ணை இறுக மூடி, தன் கையிலிருந்த அவள் கையிலேயே கவனமாக இருந்தார். எழுப்பலாமா? அசைந்தால் அவர் கலைந்துவிடுவாரோ?

நான் யோசித்து முடிப்பதற்குள் வயலின் வில்கள் நின்றுவிட்டன. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவரின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. கை இறங்கியதும் அரங்கமே தட்டியது. அத்தை திடுக்கிட்டு விழித்து, மாமாவின் கையைப் பலங்கொண்ட மட்டும் அமுக்கினாள்.

மாமா கண்ணைத் திறந்தார்.

வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

“இங்கியும் ஸ்ஸ்ஸுன்னுதான் இருந்திச்சி,” என்றார். “நான் கேசட்ட திட்டிகினு இருந்தேன். என் காதுதான்டா அது.”

இப்படி ஒரு கச்சேரிக்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே நான் அவரை அழைத்துப்போயிருக்கலாம்.

“அதனால இன்னா, மேரி அமுக்கினாளே,” என்று டீயைக் குடித்தார். “அதுவரிக்கும் நீண்டுகினே இருந்திருக்கு. கேசட்ல பாதிகூட வர்ல.”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அத்தை கேட்டாள்: “நான் சரியாத்தான அமுக்கினேன்?”

“கரெக்டா,” என்றார் மாமா. “தூங்கு. வூடு வந்தா எழுப்பறேன்.”