ராக்கி கும்பிட்ட சனிக்கிழமை

ராக்கி ஜாங்கிரி வேண்டாம் என்றுவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை அது. ராக்கி என்பது நாய். கன்னங்கரேல் என்றிருக்கும். நெஞ்சில், பாதத்தில், எங்கேயும் ஒரு வெள்ளை முடி கிடையாது. அதன் கஷ்டகாலம் அந்தக் கறுப்பில்தான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு எங்களுக்கு எதுவுமே ஒழுங்காகத் தோன்றவில்லை.

நான் இப்போதைக்கு இருப்பது பெங்களூர் அடுகோடியில். ‘இப்போதைக்கு’ என்று ஏன் சொல்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே கேட், உள்ளே எதிரெதிராகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். இதை இங்கே வட்டாரா என்பார்கள். என் அடுத்த வீட்டில் கலா இருக்கிறாள். ஐடி கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். தனி ஆள். ராக்கி அவளுடையது. லேத் பட்டறை வாசலில் கழிவு எண்ணெயில் புரண்டு கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் போனபிறகும் கறுப்பாகவே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டவள்.

நாயை நன்றாகத்தான் வைத்திருந்தாள். தடுப்பூசி நாள் வந்தால் லீவு போட்டுவிடுவாள். பூச்சி மருந்து, குளியல், கழுத்துப் பட்டை — எதிலும் குறை கிடையாது. ராக்கி யாரையும் கடித்ததில்லை.

வினையே அதுதான்!

நாய் பைரவருடைய வாகனம். சனிதோஷம், ராகுதோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டால், கறுப்பு நாய்க்குச் சாப்பாடு போடச் சொல்வார்கள். பெங்களூரில் கறுப்பு நாய்க்கு எங்கே போவது? அபார்ட்மென்ட் நாய்க்குப் பக்கத்தில் வாட்ச்மேன் விடமாட்டார். தெரு நாய்க்குக் கிட்டே போகப் பயம். இங்கேயோ ஊசி போட்ட, குளித்த, சாதுவான, சுத்தக் கறுப்பு நாய் ஒன்று கேட்டிலேயே படுத்திருக்கிறது. விஷயம் பரவாமல் இருக்குமா? சனிக்கிழமையானால் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நல்லெண்ணெய் மிதக்கும் எள்ளுசாதம். நெய் பணியாரம். வெல்லம் தடவிய சப்பாத்தி. பட்டறைக்காரர் ஒருவர் தோஷமெல்லாம் கிடையாது, சும்மா பாசத்தில் கறிக்கடைக் கொழுப்பைக் கொண்டுவந்து போடுவார்.

கலாவுக்குப் பெருமைதான். “எம்புள்ள சாமியாயிட்டாண்ணா,” என்பாள்.

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. பசித்த வாய்க்கு ஊரே போடுகிறது என்றால் அதைவிட நல்ல வாழ்க்கை என்ன? ஏழாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனர், ஹோட்டல் வேலை என்று சுற்றிவிட்டு இதே ஊரில் ஒக்கலிபுரத்தில் ஒரு கடையின் ஷட்டர் ஓரம் கொஞ்ச காலம் படுத்திருந்தேன். கூட ஒரு நாயும் படுக்கும். பன் கிடைத்தால் ஆளுக்குப் பாதி. அதற்கு நான் ஓனரா, எனக்கு அது ஓனரா என்பது கடைசிவரை முடிவாகவில்லை. எனக்கு லாரி கிடைத்தது, போனேன். அது வேறு ஆளோடு படுத்துக்கொண்டது. நாய் வளர்ப்பது பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சரி, ஜாங்கிரிக்கு வருகிறேன்.

ஜாங்கிரி கொண்டுவருவது விக்னேஷ். விருதுநகர்ப் பையன், இங்கே சாஃப்ட்வேர் வேலை, பக்கத்துத் தெருவில் பிஜி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். அவன் ஆபீஸில் ஆட்களைக் குறைக்கிறார்கள். ஊரில் அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உளுந்தில் செய்த இனிப்பாக இருக்கவேண்டும், கறுப்பு நாயாக இருக்கவேண்டும், ஒரு வாரம்கூட விட்டுப்போகக்கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை காலையில் ஒரு கையில் ஜாங்கிரி டப்பா, மறு கையில் போன். போனில் வீடியோ காலில் அம்மா. நாய் சாப்பிடுவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் அன்றைக்கு அவருக்குக் காபி இறங்கும்.

அன்றைக்கு ராக்கி முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“என்னய்யா, திங்க மாட்டேங்குது?” போனுக்குள்ளிருந்து அம்மா.

“தெரியலம்மா. அக்கா, வேற யாராச்சும் முன்னாடியே குடுத்துட்டாங்களா?”

கலா பதில் சொல்வதற்குள் அது நடந்தது. ராக்கி எழுந்து நின்றது. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்தது. பின்பக்கம் மட்டும் உயரத்தில். தலை விக்னேஷின் போனைப் பார்த்தபடி... அப்படியே நின்றது.

“ஐயோ பைரவா!” அம்மாவின் குரல் வட்டாரா முழுக்கக் கேட்டது. “கும்புடுறாருய்யா! ஏத்துக்கிட்டாரு! விக்னேசு, செருப்பக் கழட்டுய்யா மொதல்ல!”

விக்னேஷ் ஷூவைக் கழற்றினான். கலா கையைக் கூப்பினாள், கண்ணில் தண்ணீர். நானும் பீடியைக் காலடியில் அணைத்தேன். ஏன் அணைத்தேன்? தெரியவில்லை. நாய் கும்பிடும்போது புகைவிடுவது மரியாதை இல்லை என்று பட்டிருக்கும்.

ராக்கி எழுந்தது. இரண்டடி நடந்தது. மறுபடியும் கும்பிட்டது. மறுபடியும். அப்புறம் மஞ்சளாக வாந்தி எடுத்தது.

“என்ன சத்தம்யா அது?” என்றார் அம்மா. விக்னேஷ் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சாமி வாந்தி எடுக்குமா? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கண் பட்டுவிட்டது என்றாள் கலா. வயிற்றில் கேஸ் என்றான் விக்னேஷ். நான் என் பையிலிருந்து காய்ச்சல் மாத்திரையை எடுத்து அரையாக ஒடித்து நீட்டினேன். ரோட்டில் வாழ்ந்த காலம் முழுக்க எனக்கு எல்லா வியாதிக்கும் அந்த ஒரே மாத்திரைதான். ராக்கி வாயைத் திறக்கவில்லை. என்னைவிட அதற்கு வைத்தியம் தெரிந்திருந்தது.

அது நாலாவது முறை குனிந்தபோது முனகியது. கலாவின் முகம் மாறிவிட்டது. “அண்ணா, இது கும்புடல. ஆட்டோ புடிங்க.”

ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் கையை ஆட்டினார். “நாய் பேடா, வேணாம் சார், சீட்டெல்லாம் நாறிடும்.”

“பைரவர்ங்க,” என்றான் விக்னேஷ். பயத்தில் அவனுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஆட்டோக்காரர் கறுப்பு நாயை இன்னொரு தடவை பார்த்தார். “கூத்துக்கோ,” என்றார். உட்காரச் சொன்னது எங்களையா ராக்கியையா என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்தோம்.

கிளினிக்கில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “ஓனர் யாரு?”

“நான்,” என்றாள் கலா.

“என்ன சாப்பிட்டுச்சு?”

“கார்த்தால கொஞ்சம் தயிர் சாதம் வெச்சேன் மேடம். அதுவும் மிச்சம் வெச்சிட்டான்.”

“அவ்ளோதானா?”

விக்னேஷ் தொண்டையைச் செருமினான். “நேத்து வெள்ளிக்கிழமை பிரதோஷம்னு யாரோ... அப்புறம் நான் வாராவாரம் ஆறு ஜாங்கிரி.”

பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கிறவன் நான்தான். மிச்சத்தை நான் சொன்னேன். எள்ளுசாதம், பணியாரம், கொழுப்பு... டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏன்மா, இது நாயா, கோயில் உண்டியலா? வர்றவங்க எல்லாம் போட்டுட்டுப் போறாங்க!”

அவர் ரத்தம் எடுத்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ராக்கி முனகியது. கணையம் வீங்கியிருக்கிறது என்றார். நெய்யும் எண்ணெயும் கொழுப்பும் மேலே மேலே விழுந்தால் நாயின் கணையம் தாங்காதாம். விட்டால் உயிருக்கே ஆபத்தாம். “வயிறு வலிச்சா இப்படித்தான் நெஞ்சத் தரையில வெச்சு நிக்கும். அப்படி நீட்டினா அதுக்குக் கொஞ்சம் சுகம். எப்போ ஆரம்பிச்சுது?”

அது வலியில் துடித்த நேரத்தில் நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

“மனுஷ மாத்திரை எதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்ல,” என்றேன் வேகமாக.

“குடுக்கவே கூடாது. அந்தக் காய்ச்சல் மாத்திரையே நாய்க்கு வெஷம்.”

பாக்கெட்டில் அரை மாத்திரை சுட்டது.

டிரிப்ஸ் ஏற்றினார்கள். கலா ராக்கியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திய காலை அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். விக்னேஷ் பிடித்தான். பிடித்த கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆபீஸ். நின்றது, மறுபடி அடித்தது.

“மேனேஜர்,” என்றான். முகம் வெளுத்திருந்தது. “இன்னைக்கு ஏதோ ரிலீஸ்...”

“காலை விட்டா ஊசி நழுவும்,” என்றார் டாக்டரம்மா.

“நான் வேணா பிடிச்சுக்கறேன் தம்பி,” என்றேன். என் கை பட்டவுடனே ராக்கி காலை இழுத்தது. பீடி வாசனை பிடிக்கவில்லையோ என்னவோ. விக்னேஷ் மறுபடி பிடித்துக்கொண்டான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எந்த வேலைக்காக அத்தனை ஜாங்கிரி வாங்கினானோ, அந்த வேலை பாக்கெட்டில் கத்திக்கொண்டிருந்தது. அவன் நாயின் காலை விடவில்லை.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் குழம்பிப்போனது. யார் யாருக்குப் பரிகாரம் செய்கிறார்கள்?

அடுத்த போன் அம்மாவிடமிருந்து. விக்னேஷின் பாக்கெட்டிலிருந்து கலாவே எடுத்தாள்.

“அம்மா, இனிமே எதுவும் போடாதீங்க. டாக்டர் சொல்ட்டாங்க.”

“ஏம்மா, இன்னும் மூணு வாரம் பாக்கியிருக்கே. பாதியில விட்டா பையனுக்கு ஆகாதும்மா. கோவிச்சுக்காத.”

“நீங்க உங்க புள்ளைக்காகப் போட்டீங்க. எம்புள்ள இங்க டிரிப்ஸ்ல கெடக்கறான்மா. பொழைப்பானான்னு தெரில.”

அம்மா ரொம்பச் சின்னக் குரலில்: “அவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா... அந்தப் பாவம் யாரு தலைலம்மா விடியும்?”

“அது எனக்குத் தெரியாதும்மா. வாந்தி தொடைக்கறது என் தலைல.”

“என்ன குடுக்கலாம்னு சொன்னாக?”

“உடம்பு தேறினப்புறம் கொழைய வேகவெச்ச சோறு. தோலெடுத்த கோழி. எண்ணெய், உப்பு, காரம் எதுவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா.”

“சனிக்கெழமையில கோழியா!” போன் கட்டாகிவிட்டது.

ராக்கி சில நாள் கிளினிக்கில் இருந்து பிழைத்து வந்தது. விலா எலும்பு தெரிந்தது. கலா ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த நாய்க்கயிற்றை எடுத்துத் தூசி தட்டினாள். இனிமேல் காலையும் மாலையும் அவளோடுதான் வெளியே போகும். மற்ற நேரம் கேட்டுக்கு உள்ளே. ஆனால் வருகிறவர்களை என்ன செய்வது? நாய்க்கு எதுவும் போடாதீர்கள் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். எல்லோரும் படித்தார்கள், போட்டார்கள். ஒரு பணியாரம் என்ன செய்துவிடும் என்பது அவர்கள் கட்சி.

மறுநாள் அட்டையைத் திருப்பி வேறு மாதிரி எழுதினாள்: ‘பைரவர் பத்தியத்தில் இருக்கிறார்.’

நம்புவீர்களா? ஒரு ஆள் கைவைக்கவில்லை! அட்டைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். “நாய்க்கு உடம்பு சரியில்லன்னா யாரு கேக்கறாங்கண்ணா?” என்றாள் கலா. எனக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. சோறு போட ஒரு தெருவே வருகிறது. ஊசி போட, பீயை அள்ள, டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார... அங்கே ‘ஓனர் யாரு’ என்றால் ஒரு கைதான் உயர்கிறது.

போன சனிக்கிழமை விக்னேஷ் என் கதவைத் தட்டினான். கையில் கோழிக்கறிப் பொட்டலம். பிஜியில் அசைவம் சமைக்க விடமாட்டார்களாம். என் அடுப்பில் வேகவைத்தோம். உப்பில்லாமல் கறி வேகும் வாசனை இருக்கிறதே, ஆஸ்பத்திரி மாதிரி. டாக்டரம்மா சொன்ன அளவு, கலா எடுத்து வைத்த கிண்ணம். அவள் வெளியிலிருந்து வரும் சாப்பாட்டை அனுமதித்தது அந்த ஒன்றுதான். வீடியோ காலில் அம்மா வந்தார்.

“வெள்ளையா இருக்கே... பன்னீராய்யா?”

விக்னேஷ் என்னைப் பார்த்தான். நான் கலாவைப் பார்த்தேன்.

“கோழிம்மா,” என்றாள் கலா. “டாக்டர் குடுக்கச் சொன்னது.”

போனில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஜோசியர் வாரம் முழுக்கப் போனை எடுக்கவில்லையாம். கேட்க ஆள் இல்லை. “மருந்துதானே,” என்றார் கடைசியில். “மருந்துல என்ன சைவம் அசைவம். வைய்யா.”

ராக்கி கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டுப் படுத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தது. அம்மா போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அது எழுந்து நின்றது. முன்னங்கால்களை நீட்டியது. நெஞ்சு கீழே இறங்கியது...

விக்னேஷ் கலாவைப் பார்க்கிறான். நான் ஆட்டோவுக்காகக் கேட்டைப் பார்க்கிறேன். அம்மா பாதி கூப்பிய கையோடு அப்படியே நிற்கிறார்.

ராக்கி உடம்பை ஒரு உதறு உதறி வாலை ஆட்டியது.

“என்னம்மா, கும்புடுறாரா, வலிக்குதா?”

“தூங்கி எந்திரிச்சான்ல, சோம்பல் முறிக்கறான்மா. ஒருவாட்டிதான். சாப்பிட்டிருக்கான், வால் ஆடுது. ஒண்ணுமில்ல.”

“சோம்பலா...” அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “சரி, நல்லா முறிக்கட்டும்.”

விக்னேஷின் வேலை? இன்னும் இருக்கிறது. ராக்கி பிழைத்ததால் என்கிறார் அம்மா. அவன் பக்கத்து ஸீட் பையனுக்குப் போய்விட்டது. அந்தப் பையனும் வீட்டில் நாய் வளர்க்கிறானாம், வெள்ளை. இதற்கு என்ன அர்த்தம் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான்.

உங்கள் நாய் உங்களைத் திரும்பத் திரும்பக் கும்பிட்டால், செருப்பைக் கழற்றாதீர்கள்... மாட்டிக்கொண்டு ஓடுங்கள்!